கொட்டாய்க்கு எதிர்க்கடை

கண்ணு,

எல்லாரும் சுகம்தானே? மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? பாப்பா பரீட்சை எழுதி முடித்ததும் ஒரு வார்த்தை சொல். இங்கே நான் நல்லாத்தான் இருக்கிறேன். கணவாய்க் காற்று கிளம்பிவிட்டது, முருங்கையில் பெரிய கிளையாகப் பார்த்து ஒடித்துப் போட்டிருக்கிறது, மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

சினிமாக் கொட்டாய்க்கு எதிரே இருந்த நம் பெட்டிக்கடை விஷயமாகத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருப்பாய், எனக்கும் பாதி சொல்வதற்குள் மீதி மறந்துவிடும். அன்றைக்கு நீ சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த வீதியில் இனி என்னம்மா இருக்கு, ஆடிட்டோரியக்காரர் கேட்கிற விலைக்குக் கொடுத்துட்டு புனேக்கு வந்துடு" என்றாய். விலை நல்ல விலைதான். மூணு சென்ட் இடத்துக்கும் ஓடு சரிந்த பெட்டிக்கடைக்கும் அதற்கு மேல் யாரும் தர மாட்டார்கள். கொட்டாய் இருந்த இடத்தில் கல்யாண ஆடிட்டோரியம் கட்டியவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், அவசரம், அதனால் கேட்கிறார். ஆனால் அந்த வீதியில் என்ன இருந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும் சாமி. நீ பார்த்ததெல்லாம் சாயங்கால வீதி. முதல் ஆட்டத்துக்கு ரெக்கார்டு போட்டதுமே உன்னை அப்பத்தா வந்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடும். ராத்திரி வீதியை நீ பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாய், அது உனக்கு நினைவிருக்காது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி பொள்ளாச்சிப் பக்கமிருந்து எல்லை தாண்டி இங்கே கேரளத்துக்கு வந்தபோது அது டூரிங் கொட்டாய். ஓலைக் கூரை, சுற்றி மூங்கில் தட்டி, உள்ளே மணல். டூரிங் என்று பேர்தானே தவிர எங்கேயும் போகாது, லைசென்ஸ் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தருவார்கள், திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும், அதனால் நிரந்தரமாகச் சுவர் எழுப்ப முடியாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் ஆனி ஆடியில் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். மேற்கே இருக்கிற மலை முழுவதும் அடைத்து நிற்க, பாலக்காட்டில் மட்டும் ஒரு வாசல் திறந்து விட்டதால் அத்தனை காற்றும் நம் ஊர் வழியாகத்தான் கோயமுத்தூருக்குப் போயாக வேண்டும். தட்டி இடுக்கில் புகுந்து திரைத்துணியைப் பின்னாலிருந்து உப்ப வைக்கும். கதாநாயகி முகம் திடீரென்று பெருத்துச் சிறுக்கும். சோகக் காட்சியில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆடி முடியும் வரை எந்தச் சோகப் படமும் நம் ஊரில் எடுபடாது என்பார் உங்கப்பா.

அப்போது ஒரே புரொஜெக்டர்தான். சேர்த்து ஒட்டி மாட்டிய ரீல்கள் தீர்ந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். மற்ற ஊரில் ஒரு இடைவேளை என்றால் நமக்கு மூணு, சில நாள் நாலு. படம் பார்க்கிறவர்களுக்கு எரிச்சல், நமக்கு அதுதான் சோறு. கடலை, முறுக்கு, கோலி சோடா, வெற்றிலை, பீடி, மலையாளத்து ஆட்களுக்கு நாரங்கா வெள்ளம், பாட்டுப் புத்தகம். ஒவ்வொரு இடைவேளைக்கும் எதிர்க்கடையில் ஒரு கூட்டம் வந்து மோதிவிட்டு மணி அடித்ததும் ஓடும். சில்லறை கொடுக்க நேரமிருக்காது. பாக்கியை அடுத்த இடைவேளையில் வாங்கிக்கொள்வார்கள், யாரும் ஏமாற்றியதில்லை, நாங்களும் மறந்ததில்லை.

அப்புறம்தான் கொட்டாய்க்காரர் பெர்மனென்ட் லைசென்ஸ் வாங்கி ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, பெஞ்ச் போட்டு, பின்னால் நாலு வரிசை சேரும் போட்டார். அந்தக் கொட்டாய்தான் உனக்குத் தெரிந்தது. முன்பக்கம் மட்டும் கட்டடம் மாதிரி தெரிய ஒரு உயரச் சுவர், அதில் பச்சை மஞ்சள் பெயின்ட். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் கோழிப்பண்ணைதான். ஆனாலும் அந்த முகப்பு எழும்பிய பிறகுதான் நம் வீதிக்கு ஒரு முகம் வந்தது. பஸ் கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்வதை விட்டுவிட்டு "டாக்கீஸ், டாக்கீஸ் இறங்கு" என்று சத்தம் போட ஆரம்பித்தார். இப்போதும் வயதான கண்டக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், இறங்குகிற காலேஜ் பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது.

இந்த விஷயத்தில் உங்கப்பாவுக்கு ஒரு பிடித்தமான கதை உண்டு. கோயமுத்தூருக்கு ஜவுளி எடுக்கப் போனால் வெரைட்டி ஹால் ரோட்டில் ஒரு நிமிஷம் நின்று சொல்லாமல் வர மாட்டார். சாமிக்கண்ணு வின்சென்ட் என்று கோயமுத்தூர்க்காரர், திருச்சியில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர், 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரக் கொட்டகையே கட்டிவிட்டார். பின்னால் அது டிலைட் என்று பேர் மாறியது. "பாரு, கொட்டாய் பேரு மாறினாலும் ரோட்டுப் பேரு மாறல" என்பார். எனக்குச் சேலைக்கடை பூட்டிவிடுமே என்று கவலையாக இருக்கும்.

கடையில் உட்கார்ந்து மலையாளத்து நண்பர்களோடு அவர் போட்ட சண்டையும் சினிமாவைப் பற்றித்தான். அவர்கள், எம்ஜியார் எங்கள் ஆள், அவர் அம்மா ஊர் வடவன்னூர், இதே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, வேண்டுமானால் சைக்கிளில் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வா என்பார்கள். உங்கப்பா விட மாட்டார். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி.டேனியல் யார், எங்கள் அகத்தீஸ்வரத்துத் தமிழர், அவர் சொத்தை விற்று எடுத்த படத்தில்தான் உங்கள் சினிமாவே ஆரம்பம் என்பார். ஓணத்துக்கு ஓணம் இந்தச் சண்டை வரும். கணக்கு எப்போதும் சமம்தான், ஆளுக்கொரு சர்பத்தோடு முடியும். கொட்டாயில் ஒரு வாரம் தமிழ் ஓடினால் அடுத்த வாரம் மலையாளம். ஒரே சுவரில் ரெண்டு எழுத்திலும் போஸ்டர் ஒட்டியிருக்கும். நீ மலையாளம் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தச் சுவரில்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை.

டிக்கெட் கொடுக்கிற இடம் உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆள் ஒருவர் மட்டும் நுழையும்படி ரெண்டு பக்கமும் சுவர் வைத்த சந்து. கடைசியில் ஒரு மரப்பலகை, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. காசோடு கையை விட்டால் டிக்கெட்டும் மீதியும் அந்தக் கையிலேயே திணிக்கப்படும், கையை இழுத்துக்கொள்ள வேண்டும். கூட்ட நாளில் ஒரே ஓட்டையில் மூணு கை போகும். எந்தக் கை யாருடையது என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? விரலில் மோதிரம், வாட்சு, பச்சை குத்தியது, இதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாராம். வருஷக்கணக்காகக் கை உரசி உரசி அந்தப் பலகையின் ஓரம் வழவழப்பாகிவிட்டது, ஆனால் கீழே ஒரு ஆணி துருத்திக்கொண்டே இருந்தது, அதை மட்டும் யாரும் அடித்து இறக்கவில்லை. ஊரில் பாதி ஆம்பளைகளுக்கு மணிக்கட்டில் ஒரு கீறல் தழும்பு உண்டு. பெண்களுக்குத் தனிக் கவுண்டர், அங்கே தள்ளுமுள்ளு இருக்காது. அதனால் புதுப்படம் வந்தால் பக்கத்து வீட்டு ஆம்பளைகள் என்னிடம் காசைக் கொடுத்து டிக்கெட் எடுத்துத் தரச் சொல்வார்கள். ஒரு ஆளுக்கு இத்தனைதான் என்று கணக்கு வந்தபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உனக்கும் சேர்த்து எடுத்திருக்கிறேன்.

அந்த டிக்கெட் புத்தகங்கள் முதலில் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய் முத்திரை குத்தி வந்தால்தான் கிழிக்கலாம். கேரளாவில் கேளிக்கை வரி உள்ளாட்சிக்குத்தான், 1961-ஆம் வருஷத்துச் சட்டம். கொட்டாயில் கூட்டம் வந்தால் பஞ்சாயத்துக்கும் காசு வரும். வீதி விளக்கு ஒன்று எரியாமல் போனால் கொட்டாய்க்காரர் ஆபீஸில் போய்க் கத்துவார், மறுநாள் பல்பு மாட்டிவிடுவார்கள். வரி கட்டுகிறவர் கத்தினால் கேட்கத்தானே வேண்டும். இப்போது நான் போய்ச் சொன்னால் எழுதித் தரச் சொல்கிறார்கள்.

நீ பாண்டி விளையாடக் கட்டம் போட்டாயே, கறுப்புக் குச்சி, அது எங்கே கிடைத்தது என்று நினைவிருக்கிறதா? ஆப்பரேட்டர் அறைக்குப் பின்னால் குப்பையில் பொறுக்கியது. அதைத்தான் கார்பன் என்பார்கள். ரெண்டு குச்சி நுனியோடு நுனி முட்டாமல் எதிரெதிரே நிற்கும், நடுவில் கரண்ட் பாய்ந்து வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்தில்தான் படம். எரிய எரியக் குச்சி கரையும், ஆப்பரேட்டர் கண்ணெடுக்காமல் பார்த்துத் திருகித் திருகி இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கி கீழே விசில் கிளம்பும். பெர்மனென்ட் ஆனபின் ரெண்டு புரொஜெக்டர் வந்தது, ரீல் மாறுவது யாருக்கும் தெரியாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவார். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். ரெண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, 14 ரீல். ஒத்தப்பாலத்துக்காரர், வருஷமெல்லாம் அந்தச் சூட்டில் நின்றார். எத்தனையோ படம் ஓட்டியிருக்கிறார், எதையும் அவர் முழுசாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. கதை கேட்டால் "ஏழாவது ரீல் நல்லாயிருக்கும்" என்பார்.

சரி, ராத்திரிக்கு வருகிறேன்.

முதல் ஆட்டம் ஒன்பதரைக்கு விடும். சித்தூரிலிருந்து வருகிற கடைசி பஸ்ஸும் அதே நேரத்துக்குத்தான் வரும், டிரைவர் படம் விடும் வரை கொஞ்சம் இழுத்தடித்து நிற்பார், பஸ்ஸுக்கு ஆள் கிடைக்குமே. அதற்குள் ரெண்டாம் ஆட்டத்துக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் சேர்ந்து வீதி முழுக்க ஆள் தலை. பெட்ரோமாக்ஸ் வைத்த புரோட்டாக் கடை ஒன்று, முட்டை போண்டா தள்ளுவண்டி ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டில் சாக்பீஸால் சீட்டில் நம்பர் எழுதிக்கொண்டு ஒரு பையன், வாடகைக்கு ஜீப் ஒன்று. ரெண்டாம் ஆட்டம் முடிய ஒரு மணி ஆகும். அதுவரைக்கும் இவ்வளவு பேரும் விழித்திருப்பார்கள். படம் பார்க்காதவர்களுக்கும் அது உதவியது, அதுதான் நான் சொல்ல நினைப்பது. சித்தூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த அக்கா கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, முதல் ஆட்டம் விட்ட கூட்டத்தோடு சேர்ந்து கிழக்கே தோட்டத்து வீட்டுக்கு நடந்துவிடும். தனியாகப் போகிறோம் என்ற பயமே அதற்குக் கிடையாது. பஸ் பிந்திப் போனால் நம் கடைத் திண்ணையில் உட்காரும், இடைவேளைக்கு வெளியே வருகிறவர்களில் அந்தப் பக்கத்து ஆள் யாராவது இருந்தால் அக்காவை விட்டுவிட்டு வந்து மீதிப் படம் பார்ப்பார். அவர் ஏதோ பெரிய உபகாரம் செய்தது போலவும் காட்டிக்கொள்ள மாட்டார்.

உனக்கு மூணு வயசு நடந்தபோது ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறி வெட்டு வந்துவிட்டது. கண் மேலே போய்விட்டது, பல்லைக் கடித்துக்கொண்டாய். அப்பத்தா அலறிக்கொண்டு உன்னைத் தூக்கி வந்தது நேராகக் கடைக்குத்தான். ரெண்டாம் ஆட்டம் இடைவேளை. யார் என்ன செய்தார்கள் என்றே எனக்கு முழுசாகத் தெரியாது. யாரோ ஒருவர் உன்னைப் பக்கவாட்டில் படுக்க வைக்கச் சொன்னார், யாரோ ஈரத்துணி கொடுத்தார், ஜீப்காரர் புரோட்டாவைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் ஜீப்பில் முன்பின் தெரியாத ரெண்டு பேர் கூட வந்திருப்பதைப் பார்த்தேன். படத்தை விட்டு வந்தவர்கள். நீ கண் விழித்துப் பார்த்தது அவர்களில் ஒருவருடைய மீசையைத்தான், அதைப் பிடித்து இழுத்தாய். ராத்திரி வீதியை நீ பார்த்தது அவ்வளவுதான்.

எல்லாம் நல்லதாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில்லை. மூட்டைப்பூச்சி தொடையைப் பிடுங்கிவிடும். இருட்டில் பின்னாலிருந்து கை நீளும், நாங்கள் எல்லோரும் சேலையில் ஊக்கு வைத்துக்கொண்டுதான் உட்காருவோம், குத்தியும் இருக்கிறோம். தரைக்கும் சேருக்கும் நடுவில் இடுப்பளவு ஒரு சுவர் இருந்தது. தோட்டக்காரர் சேரில், அவர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் மணலில். காசு இருந்தாலும் சிலர் அந்தச் சுவரைத் தாண்டி வந்து உட்கார மாட்டார்கள், உட்காரவும் விட மாட்டார்கள். பழைய கொட்டாயைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தச் சுவரை மட்டும் எழுதுவதில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் பெரிய பாசம் எதுவும் இல்லை என்று உனக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன்.

எப்படிப் போனது என்று கேட்டால், ஒரே நாளில் போகவில்லை. 1993 சித்திரை முதல் நாள் சன் டிவி, அதே வருஷம் ஆகஸ்டில் ஏசியாநெட். நமக்கு ரெண்டு பக்கமும் அடி. சாயங்காலம் பெண்கள் வருவது முதலில் நின்றது. பெண்கள் வராததால் குடும்பம் வரவில்லை, குடும்பம் வராததால் கொட்டாய்க்காரர் வேறு மாதிரிப் படங்களைப் போட ஆரம்பித்தார், அந்தப் படங்களைப் போட்டதால் பெண்கள் அந்த வீதியில் நடக்கவே யோசித்தார்கள். நானே கடையை எட்டு மணிக்குச் சாத்தியது அந்த வருஷங்களில்தான். பிறகு சிடி வந்தது. ஆனாலும் ரசிகர் கூட்டம் இருந்தது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொஞ்சம் உயிர் வரும்.

முடித்து வைத்தது டிஜிட்டல்தான் என்று உங்கப்பா சொல்வார், எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. முன்பெல்லாம் பிரிண்ட் போடச் செலவு, அதனால் கொஞ்சம் பிரிண்ட்தான் போடுவார்கள். அது முதலில் கோயமுத்தூர், பாலக்காடு மாதிரிப் பெரிய ஊரில் ஓடித் தேய்ந்து, அப்புறம் பொள்ளாச்சி, சித்தூர், கடைசியில் கோடு விழுந்த பெட்டியாக நமக்கு வரும். பஸ் மேலிருந்து பெட்டி இறங்குவதற்குள் சில சமயம் ஆறு மாதம்கூட ஆகும். பரவாயில்லை, ஊரே காத்திருக்கும், வேறு வழியில்லை. அந்தக் காத்திருப்பில்தான் சின்னக் கொட்டாய் பிழைத்தது. பிரிண்ட் போய், க்யூப் மாதிரி டிஜிட்டல் முறை வந்து, ஒரே நாளில் எல்லா ஊரிலும் படம் என்று ஆனதும் நம் முறை என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. பைக் இருக்கிற பையன் முதல் நாளே பொள்ளாச்சி நல்லப்பாவிலோ பாலக்காட்டிலோ பார்த்துவிடுகிறான். புது மெஷின் வைக்கக் கொட்டாய்க்காரரிடம் காசில்லை. பழைய மெஷினை ஓட்டலாம் என்றால் பிலிம் வருவதே நின்றுவிட்டது, 2013-இல் புஜி கம்பெனி சினிமா பிலிம் தயாரிப்பதையே நிறுத்திவிட்டதாக உங்கப்பா பேப்பரில் படித்துக் காட்டினார். அதற்கு முன்பே நம் கொட்டாயில் பூட்டு தொங்கியது.

அப்புறம் கொஞ்ச நாள் தேங்காய் மட்டை குடோன். அப்புறம் ஜேசிபி. நான் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முகப்புச் சுவரை இடிக்க ஒரு பகல்கூட ஆகவில்லை. அதன் பின்னால் ஒன்றுமே இல்லை என்று தெரிந்ததும் ஜேசிபி டிரைவரே சிரித்துவிட்டார். மலையாளத்தில் ஏதோ சொன்னார், எனக்குக் கோபம் வந்தது, பதில் சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தில் ஆடிட்டோரியம். நல்ல கட்டடம், டைல்ஸ், குளிர்சாதனம், எண்ணூறு பேர் சாப்பிடலாம் என்கிறார்கள். கல்யாணம் காலையில், ரெண்டரை மணிக்குப் பாயசம், மூணு மணிக்கு கேட்டைச் சாத்திச் சங்கிலி. வளர்பிறை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம்தான் ஆள் நடமாட்டம். புரோட்டாக் கடை இருந்த இடத்தில் டயர் கடை, சைக்கிள் ஸ்டாண்டில் ஏடிஎம், போஸ்டர் சுவரில் ஜோதிட நிலையத்து பிளெக்ஸ். ரோடு அகலமாகியிருக்கிறது, சாக்கடைக்கு மூடி போட்டிருக்கிறார்கள், பகலில் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ராத்திரி எட்டரைக்கு மேல் ஏடிஎம் வெளிச்சம் ஒன்றுதான். நாய்கள் அங்கே வந்து படுத்துக்கொள்கின்றன.

புனேயில் என்னைப் படத்துக்குக் கூட்டிப் போனாயே, அது எனக்குப் பிடித்திருந்தது, சீட் சாய்ந்தது, சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ஆனால் படம் முடிந்து வெளியே வருகிறோம், லிஃப்ட், அதற்குக் கீழே கார், அப்புறம் வீடு. வீதியே வரவில்லை. அத்தனை பேர் கூட உட்கார்ந்து சிரித்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள் என்றே தெரியவில்லை. எதிர்க்கடை வைக்க அங்கே எதிர் என்று ஒரு பக்கமே இல்லை.

கொரோனாவில் மூடிய கேரளத்து தியேட்டர்களெல்லாம் முதலில் திறந்தது 2021 ஜனவரி 13-ஆம் தேதி, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தோடு. உங்கப்பா இருந்திருந்தால் மலையாளத்து நண்பர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார், அந்தச் சண்டையில் ஒரு கோல் அதிகம் போட்டிருப்பார். அன்றைக்கு நம் வீதியில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது 2023 அக்டோபரில். தமிழ்நாட்டில் விடியற்கால ஆட்டம் கூடாது, ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கேரளாவில் விஜய் படத்துக்கு நாலு மணி ஆட்டம். கோயமுத்தூர்ப் பையன்கள் வாளையாறு வழியிலும் வேலந்தாவளம் வழியிலும் பாலக்காட்டுக்குப் படையெடுத்தார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு நம் வீதியில் பைக் சத்தம். நான் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வண்டி நம் கடை முன்னால் நிற்கிறது, டீ எங்கே கிடைக்கும் என்று ஒருத்தனை ஒருத்தன் கேட்டுக்கொள்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நடுராத்திரியில் நூறு டீ ஓடிய இடம் அது. கொழிஞ்சாம்பாறை வரைக்கும் எதுவும் இல்லை தம்பி என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். "சரிங்கம்மா" என்று ஒரு பையன் மரியாதையாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். நம் பக்கத்துப் பேச்சுத்தான்.

அதனால் கடையைப் பார்க்கிங்குக்குக் கொடுக்கப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. அந்த மூணு சென்டும் போய்விட்டால் ஆடிட்டோரியச் சங்கிலி இந்தப் பக்கமும் வந்துவிடும், அப்புறம் அந்த வீதியில் ராத்திரி ஒரு ஆள் நிற்பதற்குக்கூட இடம் இருக்காது.

தட்டுக்கடை போட ஒரு பையன் கேட்கிறான். அந்த ஆஸ்பத்திரி ஆயா அக்காவின் பேரன்தான், கல்ஃபிலிருந்து திரும்பி வந்து சும்மா இருக்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து பன்னிரண்டு வரைக்கும் தோசை, ஆம்லெட், கட்டன் சாயா. வாடகை பெரிசாக வராது, ஆடிட்டோரியக்காரர் தருவதாகச் சொன்ன தொகைக்கு வட்டி போட்டால் வருவதில் கால்வாசிகூட வராது என்று மாப்பிள்ளை உடனே கணக்குப் போட்டுச் சொல்வார், சொல்லட்டும். முன்னால் நல்ல விளக்காக ரெண்டு போட வேண்டும், மின்சார ஆபீஸில் கனெக்ஷனை என் பேருக்கு மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாதாம், அது இன்னும் உங்கப்பா பேரிலேயே இருக்கிறது. ஓடு மாற்ற ஆளைப் பார்த்தாகிவிட்டது. நிலவரி கட்டிய ரசீது வில்லேஜ் ஆபீஸில் வாங்கி வைத்திருக்கிறேன், வாரிசு என்ற முறையில் உன் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். ஓணத்துக்கு வருகிறாய்தானே? வரும்போது ஆதார் நகல் ரெண்டும் போட்டோ ரெண்டும் எடுத்து வா. பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை அளவு எடுத்து முன்கூட்டியே அனுப்பு, போன தடவை தைத்தது குட்டையாகப் போய்விட்டது.

அம்மா